போத்தல் உருக்கி மணி செய்யிறேன், விடிஞ்சு பார்த்தா எல்லாம் வெடிச்சுக் கிடக்கு

மல்லியப்பு_சந்தி | ஹட்டன் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். ஹட்டன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டுவேன், நாலஞ்சு உடைஞ்ச டிஸ்ப்ளே மாத்துவேன். கண்ணாடிதான் சோறு போடுது. ஆனா அது என்னா சாமான்னு போன வருசம் வரைக்கும் நெனச்சுப் பார்த்ததே இல்ல.

யூடியூப்ல ஒருத்தர் கண்ணாடிக் குச்சிய நெருப்புல காட்டி, தேன் மாதிரி இழுத்து, கம்பியில சுத்தி பாசிமணி செஞ்சாரு. பதினோரு நிமிச வீடியோ. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த வாரமே நகைக்கடை அண்ணன்கிட்ட நெருப்பு ஊதுற பழைய டோச் ஒண்ணு வாங்கினேன். சைக்கிள் ஸ்போக்ல மீட்டியாகொட வெள்ளைக் களியக் கரைச்சுப் பூசினேன், பூசாட்டி மணி கம்பியிலேயே ஒட்டிக்கும். பச்சைப் போத்தல உடைச்சு ஆரம்பிச்சாச்சு.

மணி வருது. உருண்டையா, பச்சையா, உள்ளுக்க ஒரு காத்துக் குமிழியோட. செங்கல் மேல வச்சிட்டு சாப்பிடப் போவேன். பாதிச் சோத்துல "டிக்"னு ஒரு சத்தம். எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா ரெண்டாப் பொளந்து கிடக்கும். ராத்திரி தப்பிச்சது விடியக்காலம் போயிரும். இதுவரைக்கும் 23 மணி. ஒண்ணுகூட உசிரோட இல்ல.

எங்க ஊர்ப் பனியும் குளிரும்தான் காரணமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னொண்ணும் கேக்கணும்: 23 ஒடைஞ்சும் ஏன் விட முடியல? எனக்கு மட்டுந்தான் இப்படியா?


தேயிலைத்_தூள் | டிக்கோயா | ஞாயிறு இரவு 9.52

போத்தல யாரு காலி பண்ணித் தர்றாங்க? அத மொதல்ல சொல்லு தம்பி.


ரசாயனம்_டீச்சர் | பண்டாரவளை | ஞாயிறு இரவு 10.30

தம்பி, பனிமேல் பழி போடாதீர்கள். கொழும்பு வெயிலில் வைத்தாலும் அந்த மணி வெடிக்கத்தான் செய்யும்.

மணியின் வெளித்தோல் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. அந்த நேரம் உள்ளே இன்னும் இளகிய சூடு. பிறகு உட்பக்கம் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, இறுகிப்போன தோல் கூடவே வர மறுக்கிறது. அந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், ராத்திரியில் எப்போதாவது அந்த "டிக்".

போத்தல் கண்ணாடியில் நூற்றுக்கு 70க்கு மேல் மணல், அதாவது சிலிக்கா. மணல் மட்டும் என்றால் உருக 1,700 பாகை வேண்டும். சோடியம் காபனேற்று சேர்த்தால் உருகுநிலை இறங்கும், ஆனால் வருவது தண்ணீரில் கரையும் கண்ணாடி. கரையாமல் காப்பாற்றுவது சுண்ணாம்புக்கல். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 550 பாகையில் உள்ளும் புறமும் ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்க வேண்டும். நீங்கள் நெருப்பிலிருந்து எடுத்து நேரே செங்கலில் வைக்கிறீர்கள்.

உங்கள் கடை டெம்பரும் இதே இழுபறிதான், வேண்டுமென்றே செய்தது. உருகிய பொற்றாசியம் நைத்திரேற்றில், 400 பாகை அளவில், கண்ணாடியை ஊறப்போடுவார்கள். மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் வெளியே போய், பெரிய பொற்றாசியம் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ் மாதிரி. அந்த நெருக்கம் எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் அது பலம். உங்கள் மணியில் இருப்பது தாறுமாறான நெருக்கம்.


மல்லியப்பு_சந்தி | ஞாயிறு இரவு 10.48

டீச்சர், பஸ் கதை நல்லா வெளங்கிச்சு. அப்போ இதையும் சொல்லுங்க. ஒரு நாள் உருகின சொட்டு ஒண்ணு தவறித் தண்ணி வாளியில விழுந்திருச்சு. எடுத்தா தலைப்பிரட்டை மாதிரி, தலை உருண்டை, வாலு நூல். சுத்தியலால தலையில தட்டினேன், ஒண்ணும் ஆகல. அக்கா மகன் வால மெதுவா ஒடிச்சான், முழுசும் மாவாப் பறந்திருச்சு. நல்லவேளை ரெண்டு பேரும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தோம்.


ரசாயனம்_டீச்சர் | ஞாயிறு இரவு 11.05

இனி சிறுபிள்ளை கையில் அதைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பெயர் ரூபர்ட் இளவரசர் துளி. 1661இல் லண்டன் றோயல் சொசைட்டியில் இதே வேலையைச் செய்து பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். தலையின் தோல் நெருக்கத்தில் இருப்பதால் சுத்தியல் அடியைத் தாங்கும். வாலில் பிளவு தொடங்கினால் உள்ளே அடைபட்ட இழுவை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும்.


கங்காணி_பேரன் | மஸ்கெலியா | திங்கள் காலை 6.15

எல்லாரும் ரசிச்சுப் பேசுறீங்க. நானும் ஒண்ணு சொல்றேன்.

எங்கம்மா 31 வருசம் கொழுந்து எடுத்தவங்க. ராத்திரி குடிச்சிட்டு மலையில வீசுற போத்தல் இருக்கே, அது மூணு தடவ காலக் கிழிச்சிருக்கு. கடைசித் தடவ ஏழு தையல், ரெண்டு கிழமை பேர் (வேலை நாள் கணக்கு) இல்ல, சம்பளம் இல்ல. தேயிலைத் தூருக்குள்ள கிடக்குற பச்சைக் கண்ணாடி கண்ணுக்கே தெரியாது. இலைக்கும் அதுக்கும் ஒரே நெறம்.

நாங்க பொறந்த லயத்துக் காம்பராவுக்கு ஜன்னல்னு ஒண்ணு, பலகைக் கதவு. சாத்தினா இருட்டு, தொறந்தா பனி. கண்ணாடி போட்ட ஜன்னல் துரை பங்களாவுல மட்டும்தான். அதையும் வெளியில நின்னு தொடைச்சது நம்ம ஆளுங்க. இதப் போய்க் கலைங்கிறீங்க.


மல்லியப்பு_சந்தி | திங்கள் காலை 8.20

அண்ணே, நீங்க சொன்னதுல ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பில்ல. நான் உருக்குறது அந்தப் போத்தலத்தான். லயத்துக்குப் பின்னால கான்ல கிடக்குறது, மலையோரத்துல பொறுக்கினது. மொத நாள் கையக் கிழிச்சிக்கிட்டுத்தான் பொறுக்கினேன். நெருப்புல காட்டினதும் அந்தக் கூரு மழுங்கி உருண்டு வர்றதப் பாக்கணும். எனக்குப் பாதி ஆசை அதுலதான்.


உலையடி_ஐயா | புசல்லாவ | திங்கள் மாலை 5.30

தம்பிமார், நான் 26 வருசம் போத்தல் தொழிற்சாலையில இருந்தவன். பதினெட்டு வயசுல தோட்டத்த விட்டுக் கீழ எறங்கினேன். இப்ப ஓய்வு. மகன் போன்ல டைப் பண்ணித் தர்றான்.

டீச்சர் சொன்னது சரி, ஆனா அங்க அத நாங்க வேற மாதிரிப் படிச்சோம். உலையில இருந்து கண்ணாடி சொட்டுச் சொட்டா வரும், கொப்னு சொல்லுவோம். ஆயிரத்து நூறு பாகைக்கு மேல. கத்திரி வெட்டும், அச்சுக்குள்ள விழும், காத்து ஊதும், போத்தல் ரெடி. எல்லாம் சில செக்கன்ல. அதுக்குப் பொறவு லேர்னு ஒரு நீளமான சுரங்க அடுப்பு, பெல்ட்ல மெதுவா ஊர்ந்து போகும். அதுக்குள்ள ஒரு மணித்தியாலம் போல. செய்யிறது நொடி, ஆத்துறதுக்கு அம்புட்டு நேரம். புதுசா வர்ற பொடியன்கள் எல்லாரும் கொப் விழுற எடத்துலதான் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பானுங்க. நானும் நின்னேன். ஆனா சாமானோட உசிரு லேர்லதான் இருந்துச்சு. அங்க சூடு கொஞ்சம் பிசகினா, வெளியில வந்து பெட்டியில அடுக்கினதுக்குப் பொறவு தானா ஒடையும்.

அந்த உலைய அணைக்கவே மாட்டாங்க. பத்து வருசத்துக்கு மேல ராப்பகலா எரியும். தீபாவளி கெடையாது, போயா கெடையாது. அணைச்சா உள்ளுக்க இருக்குறது எறுகி உலையே போயிரும். ஒடைஞ்ச போத்தல் வீணில்ல, கலட்னு சொல்லி மறுபடி போடுவோம். நூத்துக்குப் பத்துப் பங்கு கலட் போட்டா எரிபொருள் ரெண்டரை, மூணு பங்கு மிச்சம்.

மணல் நாத்தாண்டியா பக்கத்து வெள்ளை மணல். நம்ம மலைக்கும் அதுல பங்கு இருக்கு: மாத்தளைப் பக்கத்துப் பெல்ட்ஸ்பார், டொலமைட்டுக் கல்லு. கங்காணி பேரன் தம்பி கோவிச்சுக்காதீங்க. உங்கம்மா கால வெட்டின போத்தல்ல நான் செஞ்சதும் இருந்திருக்கும். அத வாசிச்சதுல இருந்து மனசு சரியில்ல.


கங்காணி_பேரன் | திங்கள் இரவு 7.10

ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. வீசினவன் வேற.


மூக்குத்தி_ஆசாரி | கண்டி | திங்கள் இரவு 8.45

நெருப்பப் பத்தி யாரும் பேசல. நான் பத்தர், கண்ணாடி நமக்குத் தூரத்துச் சொந்தம். டோச்ல காத்துக் கொறைஞ்சு மஞ்சளா எரியிற நெருப்பு வேற, நீலமா கூரா எரியிறது வேற. கண்ணாடியில செம்பு கலந்திருந்தா நல்லாக் காத்துள்ள நெருப்புல மயில் நீலம், காத்துக் கொறைஞ்ச நெருப்புல ரத்தச் சிவப்பு. ஒரே செம்பு. தங்கமும் அப்படித்தான், துளியூண்டு சேத்தா மாதுளை நெறம் வரும்.

தம்பியோட போத்தல் பச்சை வெறும் இரும்புலயும் வரும். மணல்ல இரும்பு ஒட்டியிருந்தாலே அந்தச் சாயல் விழுந்திரும். பென்சில் கரிக் கட்டை கெடைச்சா மணிய அதுமேல உருட்டுங்க, சூட்டுக் கண்ணாடி அதுல ஒட்டாது. போகல சுரங்கத்துப் பென்சில் கரி ஒலகம் பூரா போகுது, நமக்கு ஒரு துண்டு கெடைக்காதா?


மிலானோ_தம்பி | மிலான், ஊர் நோர்வூட் | செவ்வாய் அதிகாலை 1.20

முறானோவுக்கு ஒருக்காப் போனேன். 1291ல வெனிஸ்காரங்க தீப்பயத்துல உலைகளை எல்லாம் அந்தத் தீவுக்குத் தள்ளிட்டாங்க. இப்ப படகுல எறங்கினதும் டிக்கட்டோட ஆள் நிக்கும். பாதிக் கடையில இருக்குறது வேற நாட்டுச் சாமான்னு கூட வந்த நண்பர் மொணங்கினாரு.

ஆனா உள்ளுக்க ஒரு கிழவர் இருந்தாரு. இரும்புக் குழலு நுனியில செக்கச் செவேர்னு ஒரு உருண்டை. கையில என்னா தெரியுமா? நனைச்சு மடிச்ச நியூஸ்பேப்பர். அத உள்ளங்கையில வச்சு, ஆவி பறக்கப் பறக்க, அந்த உருண்டையத் தடவித் தடவி உருட்டுறாரு. பொறவு இடுக்கியால நாலு இழு, ரெண்டு கிள்ளு. குதிரை நிக்குது. ஒரு நிமிசம் இருக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. நான் அவரோட உதவியாளப் பாத்தேன். கை தட்டி முடியிறதுக்குள்ள குதிரையத் தூக்கிக்கிட்டு மூலையில இருந்த இன்னொரு அடுப்புக்கு ஓடினான். ஐயா சொன்ன லேர் கதைதான்.

மணி செய்யிற கலைய 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்திருக்காங்க, இத்தாலியும் பிரான்சும் சேந்து கேட்டது.


வன்னி_மலையகத்தான் | வவுனியா | செவ்வாய் காலை 7.00

இத்தாலிக்கு ஏன் போறீங்க? எங்க குடும்பம் 1977 கலவரத்துல மாத்தளைய விட்டு இங்க வந்தது. மன்னார்ப் பக்கம் மாந்தையில பழைய துறைமுகம் இருந்த மண்ணு பூரா கண்ணாடிப் பாசிதான். மழை பேஞ்சு வெளுத்ததும் கடுகு அளவுல சிவப்பு, மஞ்சள், நீலம்னு மின்னும். (எடுக்காதீங்க, தொல்லியல் இடம்.) புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டுலயும் இதே சாதி.

அவங்க ஒவ்வொரு மணியாச் சுத்தல. உருகின கண்ணாடிய உள்ளுக்க ஓட்டையோட நீளக் குழாயா இழுத்து, பொடிப் பொடியா நறுக்கினாங்க. நறுக்கினா விளிம்பு கூரா இருக்குமே, அதுக்கு என்னா செஞ்சாங்கன்னா, சாம்பலோட கலந்து மறுபடி சூடாக்கினாங்க. சாம்பல் ஓட்டைய அடைபடாமப் பாத்துக்கிட்டது, விளிம்பு மழுங்கிச்சு. ஆந்திரா பாப்பாநாயுடுபேட்டையில இந்த வேலை போன நூற்றாண்டு வரைக்கும் நடந்துச்சு.

தம்பி, உங்க வீட்டுல அடுப்புச் சாம்பல் இருக்கா?


மல்லியப்பு_சந்தி | செவ்வாய் காலை 7.15

மூணு தலைமுறைச் சாம்பல் இருக்கு.


தேயிலைத்_தூள் | செவ்வாய் பகல் 12.40

கண்ணாடி திண்மம் இல்ல, திரவம்தான், மெதுவா வழிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் பழைய பங்களா ஜன்னல் கண்ணாடி அடியில தடிப்புன்னு படிச்சேன். காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரத்து வார்லி தேவாலயம் 1878ல கட்டினது, அதோட கலர்க் கண்ணாடியும் வழியுதா?


ரசாயனம்_டீச்சர் | செவ்வாய் பகல் 1.15

வழியவில்லை. இந்தக் கதையை வகுப்பில் வருடத்துக்கு ஒருமுறை கொன்று புதைக்கிறேன், மறு வருடம் எழுந்து வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கண்ணாடியைப் பெரிய உருளையாக ஊதி, நீளவாக்கில் வெட்டி, சூட்டில் விரித்துத் தகடாக்கினார்கள். தடிப்பு ஒரே சீராக வராது. பூட்டியவர் தடித்த பக்கத்தைக் கீழே வைத்திருப்பார். தலைகீழாகப் பூட்டியதும் உண்டு. உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டு மட்டமாக எடுக்கும் முறையைப் பில்கிங்டன் 1959இல்தான் அறிவித்தார்கள்.

பழைய பங்களா ஜன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்துத் தலையை அசைத்திருக்கிறீர்களா? வரிசை வரிசையாக நிற்கும் செடிகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். புதுக் கண்ணாடியில் அது நடக்காது. அம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தார். எனக்கு அறிவியல் ஆசை வந்தது அந்த நெளிவிலிருந்துதான். கங்காணி பேரன் சொன்னது சரி, நான் உள்ளே நின்று பார்த்தது அம்மா தூசு தட்டிய அரைமணி நேரம் மட்டும்.


நாலாம்_வார்ட் | நுவரெலியா | செவ்வாய் இரவு 10.05

நான் நர்ஸ். கண்ணாடி வெட்டும்னு பேசுறீங்க, கண்ணாடி காப்பாத்தின கதை ஒண்ணு. லயத்துல குப்பி லாம்பு எரிச்ச காலம் ஞாபகம் இருக்கா? ஏதாவது ஒரு போத்தல், மூடியில ஓட்டை, திரி, மண்ணெண்ணெய். சாஞ்சா எண்ணெய் ஊத்திப் புடவையில பத்திக்கும். அந்தத் தீக்காயங்கள வைத்தியம் பார்த்துச் சலிச்ச சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர ஒரு லாம்பு உருவாக்கினாரு, பேரு சுதீப. குட்டையா, தடிப்பா, கனமா இருக்கும். திருகு மூடி, சாஞ்சாலும் எண்ணெய் கொட்டாது. ரெண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. மார்மைட் போத்தல் உருவத்துல இருந்துதான் யோசனையே வந்துச்சு. பழைய கண்ணாடிய உருக்கித்தான் வார்த்தாங்க. 1998ல ரோலெக்ஸ் விருது கெடைச்சிச்சு. எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கும். அழகுன்னு அப்ப யாரும் சொல்லல. இப்ப நெனச்சா அதவிட அழகான கண்ணாடிச் சாமான் நான் பாத்ததில்ல.


கங்காணி_பேரன் | செவ்வாய் இரவு 10.20

இதுக்கு நான் எதிர்த்துப் பேச மாட்டேன் சிஸ்டர். எங்க சித்தி அந்தக் குப்பி லாம்புலதான் போனாங்க.


ரசாயனம்_டீச்சர் | புதன் காலை 5.50

ஹட்டன் தம்பி, ராத்திரி ஒரு யோசனை. உங்கள் கடையில் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் தாள்) இருக்குமே? எல்.சி.டி. திரையை முழு வெள்ளையாக வையுங்கள். முன்னால் தாளைப் பிடித்துத் திருப்பினால் ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். அப்போது நடுவில் மணியைக் காட்டுங்கள். உள்ளே இழுபறி இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கும். இருந்தால் வெளிச்சம் கசியும். மணி உருண்டை என்பதால் தெளிவாகத் தெரியாது, கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றி அதற்குள் போட்டுப் பாருங்கள்.


உலையடி_ஐயா | புதன் காலை 9.00

அங்க ஸ்ட்ரெய்ன் வியூவர்னு ஒரு மெசினே வச்சிருந்தாங்க. அது இதுதானா!


மல்லியப்பு_சந்தி | சனி இரவு 11.30

மூணு நாளா சத்தம் இல்லாம இருந்ததுக்கு மன்னிக்கணும். கதையக் கேளுங்க.

மொத நாள் தேங்காயெண்ணெய் உறைஞ்சு கல்லா இருந்துச்சு. ஹட்டன்ல விடியக்காலம் வேற என்னா நடக்கும். வெந்நீர்ல வச்சு இளக்கினேன். வெடிக்காம இருந்த ஒரு மணிய (அது 24வது, செஞ்சு ஒரு மணித்தியாலம்தான்) போட்டு, பழைய லேப்டொப் திரைக்கு முன்னால புடிச்சுத் தாளத் திருப்பினேன். திரை கறுத்துச்சு. மணி கறுக்கல. நடுவுல கறுப்பா ஒரு சிலுவை, அதச் சுத்தி வெளிச்சம், ஓரத்துல மஞ்சளும் ஊதாவும். சும்மா பாத்தா அது ஒரு சாதாரணப் பச்சை மணி. தாள் வழியாப் பாத்தா உள்ளுக்க ஒரு சண்டையே நடக்குது. கடையில ஒரு அக்கா டெம்பர் ஒட்ட வந்து நின்னாங்க, "தம்பி என்னா படம்"னு கேட்டு எட்டிப் பாத்தாங்க. அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே "டிக்". எண்ணெய்க்குள்ள ரெண்டாப் போச்சு.

பொறவு வன்னி அண்ணன் பேச்சக் கேட்டு, தகர டின்னுல சலிச்ச சாம்பல நெரப்பி, அடுப்புல வச்சுச் சுடச்சுட ஆக்கினேன். மணிய உருட்டி முடிச்சதும், செந்நெறம் போனவுடனே, ஸ்போக்கோட சாம்பலுக்குள்ள சொருகி மூடினேன். அம்மா அடுப்புல வெறகத் தள்ளித் தள்ளி ரெண்டு மணித்தியாலம் பாத்துக்கிட்டாங்க. பொறவு நெருப்ப இழுத்துட்டு அப்படியே விட்டுட்டோம். நோண்டிப் பாக்கக் கை துடிச்சுச்சு. ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு டின்னு பக்கத்துல காத வச்சேன். சத்தம் இல்ல.

காலையில எட்டு மணிக்குத் தொறந்தேன். உள்ளுக்க அஞ்சு பாசிமணி, அஞ்சும் முழுசு. தாள் வழியாப் பாத்தா நாலு இருட்டு. ஒண்ணுல மட்டும் ஒரு மூலையில லேசா வெளிச்சம், அதத் தனியா வச்சிருக்கேன்.

கங்காணி பேரன் அண்ணே, அதுல ஒண்ணு உங்க அம்மாவுக்கு. மஸ்கெலியா பஸ்ல யாராவது வந்தாக் குடுத்து விடுறேன்.


கங்காணி_பேரன் | சனி இரவு 11.41

அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கழுத்துல போடுறதா, கால்ல போடுறதா"ன்னு கேக்குறாங்க.


உலையடி_ஐயா | ஞாயிறு காலை 6.30

சாம்பல் சின்ன மணிக்குச் சரி தம்பி. பெருசு செய்யிறதுன்னா சூட்டுமானி வச்ச அடுப்பு வேணும். இன்னொண்ணு, ரெண்டு வேற போத்தல ஒரே மணியில கலக்காதீங்க. ஒவ்வொண்ணும் சூட்டுக்கு விரியிறது வேற வேற, ஒத்துப்போகாட்டி எந்தச் சாம்பலும் காப்பாத்தாது.


மல்லியப்பு_சந்தி | ஞாயிறு காலை 7.05

சரிங்க ஐயா. இப்ப எனக்கு நீலம் வேணும். நல்ல கடும் நீலம். எந்தப் போத்தல்ல கெடைக்கும்?


மூக்குத்தி_ஆசாரி | ஞாயிறு காலை 7.20

பழைய விக்ஸ் போத்தல். பிளாஸ்டிக் வர்றதுக்கு முந்தினது. கோபால்ற்று நீலம்.


மல்லியப்பு_சந்தி | ஞாயிறு காலை 7.32

எங்க அம்மாயி ட்ரங்குப் பெட்டியில ஒண்ணு இருக்கு, திருநீறு போட்டு வச்சிருக்காங்க. கேட்டுப் பாத்தேன். "நான் போனதுக்குப் பொறவு உருக்கிக்க"ன்னுட்டாங்க. வேற யார்கிட்டயாவது இருக்கா?